அகதிகளின் அன்னை டாக்டர் ஹவ்வா அப்தி

உலகப் பயணி இப்னு பதூதா கி.பி. 1331-ஆம் ஆண்டில் ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையிலுள்ள மொகதீஷு துறைமுகத்தில் வந்திறங்கினார். அவ்வூரில் நிலவிய ஒரு வழக்கத்தை அவர் தம் பயணக் குறிப்பில் வியந்து பதிவு செய்திருக்கிறார். கப்பல் நங்கூரமிட்டதும் ஊர் இளைஞர்கள் சிறு படகுகளில் உணவுத் தட்டுகளை ஏந்தி வருவார்கள். ஒவ்வொருவரும் ஒரு வணிகரின் முன் தட்டை வைத்து, இவர் என் விருந்தாளி என்று அறிவிப்பார்கள். அந்த நொடியிலிருந்து அவ்வணிகரின் உணவும் உறைவிடமும் அந்த இளைஞரின் குடும்பத்தின் பொறுப்பாகிவிடும்.

இதே பயணி சில ஆண்டுகளுக்குப் பின் நம் மதுரைச் சீமைக்கும் வந்து சென்றவர். சோமாலிய மக்கள் பெரும்பாலும் ஷாஃபிஈ மத்ஹபினர். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் வாழும் நம் மக்களுக்கு ஃபிக்ஹு வழியில் உறவினர். கடல் கடந்து கிடந்தாலும் அவர்களுடைய துயரம் நமக்கு அயலார் துயரமன்று.

விருந்தோம்பலுக்குப் பெயர் பெற்ற அந்த மொகதீஷு 1991-ஆம் ஆண்டில் தன் மக்களையே துரத்தியடித்தது. அவ்வேளையில், வந்தவர் யாராயினும் என் விருந்தாளி என்று சொல்ல அந்நகருக்கு வெளியே ஒரு பெண்மணி இருந்தார். அவர் பெயர் டாக்டர் ஹவ்வா அப்தி. மனித குலத்தின் தாய்க்குரிய பெயரைத் தாங்கிய அவரைச் சோமாலிய மக்கள் "மாமா ஹவ்வா", அதாவது அன்னை ஹவ்வா, என்றே அழைத்தார்கள்.

தாயை இழந்த சிறுமி

ஹவ்வா 1947-ஆம் ஆண்டில் மொகதீஷுவில் பிறந்தார். இளம் வயதிலேயே அன்னையை இழந்தார். கருவுற்றிருந்த காலத்தில் நேர்ந்த சிக்கலுக்கு மருத்துவம் கிடைக்காமல் அத்தாய் கண் மூடினார். தங்கைகளைப் பேணும் சுமை அச்சிறுமியின் தோளில் விழுந்தது. பாட்டியார் பக்கத் துணையாக இருந்தார். அன்னையைக் கொன்ற நோய்க்கு மருந்து அறிய வேண்டும் என்ற எண்ணம் அந்த வயதிலேயே அவருள் வேர் விட்டது.

1964-ஆம் ஆண்டில் சோவியத் நாட்டின் உதவித்தொகை கிடைத்தது. இன்றைய உக்ரைன் நாட்டின் தலைநகரான கீவ் நகரில் மருத்துவம் பயின்று, 1971-ஆம் ஆண்டில் பட்டம் பெற்றார். சோமாலியாவின் முதல் பெண் மகப்பேறு மருத்துவர்களுள் ஒருவராக நாடு திரும்பினார். அதோடு நிற்கவில்லை. பகலில் மருத்துவப் பணி, மாலையில் சட்டக் கல்வி எனப் பல ஆண்டுகள் உழைத்து, 1979-இல் சட்டப் பட்டமும் பெற்றார். நோயறிவும் நீதியறிவும் ஒருவரிடத்தே சேர்ந்தன. பிற்காலத்தில் அவர் செய்த பணிக்கு இரண்டுமே தேவைப்பட்டன.

ஓர் அறையில் தொடங்கிய பணி

தலைநகரில் பதவியும் வசதியும் இருந்தன. கிராமத்துப் பெண்களுக்கோ பிரசவ வலி வந்தால் மருத்துவரை அடைய வழியில்லை. ஷபெல்லே ஆறு பாயும் செழிப்பான பகுதியில், மொகதீஷுவிலிருந்து அஃப்கோயி என்னும் ஊருக்குச் செல்லும் சாலையருகே ஹவ்வாவின் குடும்பத்துக்கு நிலம் இருந்தது. 1983-ஆம் ஆண்டில் அந்நிலத்தில் ஒரே ஓர் அறையைக் கொண்டு மருத்துவமனை தொடங்கினார். நாளொன்றுக்கு இருபதுக்கு மேற்பட்ட பெண்கள் வந்தார்கள். கட்டணம் கேட்கப்படவில்லை.

நம் ஊர்களில் பள்ளிவாசலுக்கும் மத்ரஸாவுக்கும் நிலம் வக்ஃப் செய்த பெரியோர் பலர். அவர்களுடைய பெயர் இன்றும் துஆவில் நினைவுகூரப்படுகிறது. ஹவ்வா அம்மையார் தம் நிலத்தை நோயாளிக்கு ஒப்படைத்தார். அந்த நிலம் எத்தனை பேரைத் தாங்கப் போகிறது என்பதை அன்று அவரும் அறியவில்லை.

நாடு உடைந்தது

1969-ஆம் ஆண்டு முதல் சோமாலியாவை ஆண்ட சியாத் பர்ரேயின் ஆட்சி 1991 ஜனவரியில் வீழ்ந்தது. அவருக்குப் பின் யார் என்பதில் ஒற்றுமை இல்லை. கபீலா என்னும் குலப்பிரிவுகள் ஒன்றையொன்று வேட்டையாடின. ஒரே கலிமாவை மொழிந்தவர்கள், ஒரே மொழியைப் பேசியவர்கள், ஒரே மத்ஹபைச் சேர்ந்தவர்கள், பாட்டனின் பெயரைக் கேட்டுவிட்டுச் சுட்டார்கள். போரைத் தொடர்ந்து பஞ்சம் வந்தது. 1991, 1992 ஆகிய இரண்டாண்டுகளில் ஏறத்தாழ மூன்று லட்சம் பேர் மாண்டனர் என்பது மதிப்பீடு.

மொகதீஷுவிலிருந்து தப்பியோடிய மக்கள் அஃப்கோயி சாலை வழியே வந்தார்கள். முதலில் சில குடும்பங்கள், பின்னர் நூற்றுக்கணக்கில், அதன் பின் ஆயிரக்கணக்கில். மரநிழலில் படுத்தார்கள், குச்சிகளை நட்டுத் துணி போர்த்திக் குடில் அமைத்தார்கள். குண்டடிபட்டவர், வயிற்றுப்போக்கால் வற்றிய குழந்தை, வழியிலேயே வலி கண்ட கர்ப்பிணி என அனைவரும் அந்த ஒரு மருத்துவமனையை நம்பி வந்தனர். உணவு தீர்ந்தது. ஹவ்வா தம் தங்க நகைகளை விற்றுத் தானியம் வாங்கினார்.

இந்த வரலாற்றை எங்கள் மத்ரஸாவின் மூத்த மாணவியர் வகுப்பில் ஒரு நாள் சொன்னேன். ஒரு மாணவி எழுந்து, "ஹஜ்ரத், அவர்தான் படித்தவர் ஆயிற்றே, வெளிநாட்டுக்குப் போயிருக்கலாமே?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. படித்தோர் பலர் அவ்வாறே சென்றார்கள். அவர்களைக் குறை கூற நமக்கு உரிமையில்லை. உயிரையும் ஈமானையும் காக்க ஊர் விட்டுப் போவது நம் மார்க்கம் கண்ட வழிதான். அண்ணல் நபி (ஸல்) அவர்களே மக்காவைத் துறந்து ஹிஜ்ரத் செய்தார்கள்.

ஹவ்வா இருந்தமைக்குக் காரணம் அவருடைய பாட்டியார். நீ கற்ற கல்வியை இந்த எளியவர்களுக்குப் பயன்படுத்து என்று அம்முதியவர் அறிவுரை கூறினார். அதைக் கேட்டு ஹவ்வா தங்கினார். அந்த மாணவிக்கு நான் சொன்ன விடையும் இதுவே: முஹாஜிர்கள் வந்து சேர வேண்டுமாயின் எங்கேனும் ஓர் அன்ஸாரி கதவைத் திறந்து வைத்துக் காத்திருக்க வேண்டும். மதீனத்து மக்கள் பேரீச்சந் தோப்பையும் வீட்டையும் பகிர்ந்தளித்தார்கள். ஹவ்வா தம் குடும்ப நிலத்தைப் பகிர்ந்தளித்தார்.

இரண்டு சட்டங்கள்

அறச்செயல் என்றால் உணவு வழங்குவது, ஆடை வழங்குவது என்பதோடு நம் சிந்தனை நின்றுவிடுகிறது. அவை வேண்டியவைதாம். ஆனால் சோமாலியாவில் உடைந்தவை வீடுகள் மட்டுமா? ஒருவர் அருகில் மற்றொருவர் அச்சமின்றி உறங்கும் நிலையே உடைந்து போயிற்று. சுட்டவனின் குலத்தாரும் சுடப்பட்டவனின் குலத்தாரும் அந்த நிலத்தில் அடுத்தடுத்த குடிலில் தங்க நேர்ந்தது. தானியத்தை மட்டும் பங்கிட்டு, பகையை அப்படியே விட்டிருந்தால் அம்முகாம் மற்றொரு போர்க்களமாகியிருக்கும்.

எனவே ஹவ்வா அங்குத் தங்க விரும்பியோருக்கு இரண்டு சட்டங்களை விதித்தார். இங்கே எவரும் தம் கபீலாவின் பெயரைச் சொல்லிப் பிரிந்து நிற்கக் கூடாது. அனைவரும் சோமாலியர் என்பது முதற்சட்டம். எந்த ஆணும் தன் மனைவியை அடிக்கக் கூடாது என்பது இரண்டாம் சட்டம். மீறுவோருக்கு அறிவுரையோடு முடியாது. மனைவியை அடித்தவனை அடைத்து வைக்கச் சிறிய அறை ஒன்றை அம்மையார் சிறையாகவே ஒதுக்கியிருந்தார்! அரசும் காவலரும் நீதிமன்றமும் இல்லாத நாட்டில், ஒரு மருத்துவமனையின் முற்றத்தில் சட்டம் உயிர் பெற்றது.

நம் வாசகர்களுக்கு இது புதிய செய்தியன்று. குலங்களும் கோத்திரங்களும் ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்கே என்று திருமறையின் 49-ஆம் அத்தியாயம் எடுத்துரைக்கிறது. பல்லாண்டுகள் பகைத்துப் போரிட்ட அவ்ஸ், கஸ்ரஜ் கூட்டத்தாரைப் பெருமானார் (ஸல்) அவர்கள் ஒரே தொழுகை வரிசையில் நிறுத்தினார்கள். மனைவியரை நல்ல முறையில் நடத்தும்படி இறுதி ஹஜ்ஜின் பேருரையில் வலியுறுத்தினார்கள். இவற்றையெல்லாம் நாம் மேடையில் முழங்குகிறோம். ஹவ்வா அவற்றைக் குடில்களுக்கிடையே நடைமுறைப்படுத்தினார்.

கொடுக்கும் கை, உழைக்கும் கை

ஆண்டுகள் சென்றன, அமைதி வரவில்லை. 2006-ஆம் ஆண்டின் இறுதியில் எத்தியோப்பியப் படை சோமாலியாவுக்குள் புகுந்ததைத் தொடர்ந்து, 2007-இல் மொகதீஷுவிலிருந்து லட்சக்கணக்கானோர் வெளியேறினர். அஃப்கோயி சாலை நெடுகிலும் அகதிக் குடில்கள் முளைத்தன. அதே ஆண்டில் ஹவ்வாவின் கிராம மருத்துவ அமைப்பு "டாக்டர் ஹவ்வா அப்தி அறக்கட்டளை" எனப் பெயர் பெற்றது. ஓரறை மருத்துவமனை 400 படுக்கைகள் கொண்டதாக வளர்ந்திருந்தது. 2011-ஆம் ஆண்டுப் பஞ்சத்தின்போது, மருத்துவமனையைச் சுற்றியிருந்த 1,300 ஏக்கர் நிலத்தில் ஏறத்தாழ 90,000 பேர் வாழ்ந்தார்கள். நம் பக்கத்து நகரம் ஒன்றின் மக்கள் முழுவதும் ஒரு குடும்பத்தின் நிலத்தில் குடியிருப்பதாக எண்ணிப் பாருங்கள்!

தங்க இடமும் மருத்துவமும் இலவசமாகக் கிடைத்தன. ஆயினும் மக்கள் கையேந்தியே பழகிவிடக் கூடாது என்பதில் அம்மையார் கருத்தாக இருந்தார். நிலத்தின் ஒரு பகுதியில் மக்காச்சோளமும் காய்கறியும் பயிரிடச் செய்தார். கடல் அருகில் இருந்ததால் மீன்பிடிக்கும் பணியையும் அறக்கட்டளை மேற்கொண்டது. விளைச்சலின் ஒரு பங்கை விற்று மருத்துவமனைச் செலவுக்கு உதவினார்கள். குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடம் எழுந்தது. பெண்களுக்கு எழுத்தறிவும் உடல்நலக் கல்வியும் கற்பிக்கப்பட்டன. சிறுமியரின் உடலைச் சிதைக்கும் அந்நாட்டுப் பழவழக்கம் பிரசவத்தின்போது எத்தனை தாய்மாரின் உயிரைப் பறிக்கிறது என்பதை ஒரு மகப்பேறு மருத்துவர் அறியாதிருப்பாரா? அவ்வழக்கத்தைக் கைவிடும்படி அங்கு எடுத்துச் சொல்லப்பட்டது.

அம்மையாரின் வீட்டிலும் துயரம் இல்லாமல் இல்லை. 2005-ஆம் ஆண்டில் சாலை விபத்தில் மகன் அஹ்மதைப் பறிகொடுத்தார். மகள்கள் தெக்கோ, ஆமினா இருவரும் மருத்துவம் பயின்று தாயின் பணியில் தோள் கொடுத்தார்கள். பிரசவத்தில் தாயை இழந்த சிறுமியின் இல்லத்திலிருந்து மூன்று பெண் மருத்துவர்கள் தோன்றினார்கள்!

துப்பாக்கிக்கு முன்னே

2010-ஆம் ஆண்டு மே மாதம். ஹிஸ்புல் இஸ்லாம் என்னும் ஆயுதக் குழுவைச் சேர்ந்த நூற்றுக்கணக்கானோர் வளாகத்தினுள் புகுந்தனர். மருத்துவக் கருவிகளை உடைத்தனர், நோயாளிகளின் பதிவேடுகளைக் கிழித்தெறிந்தனர், அம்மையாரைச் சிறைப்படுத்தினர். அவர்கள் சொன்ன காரணம் என்ன தெரியுமா? ஒரு பெண் இத்தகைய நிறுவனத்துக்குத் தலைமை தாங்க மார்க்கத்தில் இடமில்லையாம்! நிர்வாகத்தைத் தங்களிடம் ஒப்படைக்க வேண்டுமாம்!

அறுபதைக் கடந்த அப்பெண்மணி அஞ்சவில்லை. தாம் பெண்தான், ஆனால் மருத்துவர் என்றும், இந்தச் சமுதாயத்துக்கு நீங்கள் இதுவரை செய்தது என்ன என்றும் திருப்பிக் கேட்டார். அவர்களிடம் விடை இல்லை. முகாமிலிருந்த பெண்கள் திரண்டெழுந்தார்கள். உலகின் பல நாடுகளிலும் வாழும் சோமாலியர்கள் கண்டனக் குரல் எழுப்பினார்கள். ஐக்கிய நாடுகள் அமைப்பும் தலையிட்டது. ஒரு வாரத்திற்குள் அக்குழு பின்வாங்கியது. அதுவும் அம்மையாருக்குப் போதவில்லை. செய்த தவறுக்கு எழுத்து மூலம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றார். கேட்டார்கள்.

மார்க்கக் கல்வியைப் போதிக்கும் பணியில் இருப்பவன் என்ற முறையில் இங்கே ஒன்று சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். அகழ்ப்போரில் காயமுற்ற நபித்தோழர் ஸஅத் பின் முஆத் (ரலி) அவர்கள், பெருமானார் (ஸல்) அவர்களின் கட்டளைப்படி எங்கே வைத்துச் சிகிச்சை அளிக்கப்பட்டார்கள்? மஸ்ஜிதுந் நபவியில் அடிக்கப்பட்டிருந்த கூடாரத்தில். அக்கூடாரத்தை நடத்தியவர் ருஃபைதா (ரலி) என்னும் பெண்மணி. உம்மு அதிய்யா (ரலி) அவர்கள் ஏழு போர்களில் உடன் சென்று, உணவு சமைத்தும் காயமுற்றோருக்கு மருந்திட்டும் தொண்டாற்றினார்கள். பள்ளிவாசலின் முற்றத்திலேயே ஒரு பெண்ணின் மருத்துவக் கூடாரத்துக்கு இடமளித்த தூதரின் பெயரைச் சொல்லிக்கொண்டு, ஒரு பெண்ணின் மருத்துவமனையை உடைத்தவர்கள் எந்த மார்க்கத்தைப் பேசினார்கள்? ஓர் உயிரைக் காப்பது மனித குலம் முழுவதையும் காப்பதற்கு நிகர் என்னும் கருத்தை ஐந்தாம் அத்தியாயம் நமக்குப் போதிக்கிறது. அங்கு ஆணுயிர், பெண்ணுயிர் என்றோ, காப்பவர் ஆணா பெண்ணா என்றோ பாகுபாடு கிடையாது.

நிலைத்தது எது?

வரலாற்றை இனிப்பாக முடிக்க இயலவில்லை. 2011 ஜூலையில் ஐக்கிய நாடுகள் சபை தென் சோமாலியாவின் சில பகுதிகளில் பஞ்சம் நிலவுவதாக அறிவித்தது. அப்பஞ்சத்தில் மாண்டோர் ஏறத்தாழ 2,60,000 பேர் என்றும், அவர்களில் பாதிப் பேர் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள் என்றும் பின்னர் கணக்கிடப்பட்டது. 2012 பிப்ரவரியில் ஆயுதக் குழுவினர் மீண்டும் அம்மையாரின் வளாகத்துக்குள் புகுந்தனர். பணிகள் சில காலம் நிறுத்தப்பட்டன. அவ்வாண்டில் நடந்த சண்டைகளால் அஃப்கோயி சாலையிலிருந்த மக்களில் பலர் மறுபடியும் இடம் பெயர்ந்தார்கள். அமைதிக்கான நோபல் பரிசுக்கு 2012-இல் அவர் பெயர் முன்மொழியப்பட்டது, பரிசு கிடைக்கவில்லை. 2020 ஆகஸ்ட் 5-ஆம் நாள், 73-ஆம் வயதில், பிறந்த ஊரான மொகதீஷுவிலேயே ஹவ்வா அம்மையார் இறையழைப்பை ஏற்றார்.

குடில்கள் கலைந்தன, மக்கள் பிரிந்தனர். அவ்வாறாயின் அத்தனை உழைப்பும் வீணா? அங்கே பிறந்த குழந்தை இன்று வளர்ந்து எங்கோ நிற்கிறது. எழுத்தறிந்த தாய் தன் மகளுக்குக் கற்பிக்கிறாள். பகைக் குலத்தாரின் குடிலருகே அச்சமின்றி உறங்க முடியும் என்பதைக் கண்ணால் கண்ட ஒரு தலைமுறை உருவாயிற்று. கட்டடத்தை இடிக்கலாம், கண்டு தெளிந்த உண்மையை எவரால் இடிக்க முடியும்? ஸதகத்துல் ஜாரியா என்பதன் பொருள் இதைக் காட்டிலும் வேறென்ன?

நம் மஹல்லாவில்

நம் ஊர்களில் வெள்ளம் வந்தால் முதலில் ஓடுவோர் நம் இளைஞர்கள். மறுக்க முடியாத பெருமை அது. வெள்ளம் வடிந்த பிறகு நடப்பதையும் எண்ணிப் பார்ப்போம். உதவிப் பட்டியல் எழுதும்போது, இவர் எந்த அமைப்பைச் சேர்ந்தவர், எந்தப் பள்ளியில் தொழுகிறவர் என்ற கேள்வி நம் நாவில் எழுவதில்லையா? கபீலாவின் பெயர் மாறியிருக்கிறது, நோய் அதுவேதான். மனைவியை அடித்த கணவனின் வழக்கு ஜமாஅத்துக்கு வந்தால், பொறுத்துப் போ அம்மா என்று அவளை அனுப்பி வைக்கும் பெரியவர்கள், அந்தச் சிறிய காவல் அறையைச் சற்று நினைவில் கொள்ளட்டும்.

மற்றொன்றும் உண்டு. வீட்டுப் பெண்களுக்குப் பிரசவம் என்றால் பெண் மருத்துவரைத்தான் தேடுகிறோம். தேடுவது சரியே. நம் மகள் மருத்துவம் படிக்க விரும்பினால், பெண் பிள்ளைக்கு இவ்வளவு படிப்பு எதற்கு என்று தயங்குகிறோம். எல்லோரும் தயங்கினால் அந்தப் பெண் மருத்துவர் எந்த வீட்டிலிருந்து வருவார்?

ஹவ்வா அம்மையார் அரசின் ஆணைக்கோ அயல்நாட்டு நிதிக்கோ காத்திருந்து தொடங்கவில்லை. கையில் இருந்தவை நிலம், நகை, கற்ற கல்வி. மூன்றையும் அல்லாஹ் தந்த அமானிதமாகக் கருதி, உரியவர்களிடம் சேர்த்தார். நம் ஒவ்வொருவர் கையிலும் இம்மூன்றில் ஒன்றாவது இருக்கிறது.

அன்று வகுப்பு முடிந்ததும், கேள்வி கேட்ட அதே மாணவி என் மேசையருகே வந்து நின்றாள். அந்த அம்மாவின் பெயரை எப்படி எழுத வேண்டும் என்று கேட்டு, தன் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதிக் கொண்டாள். அவளுடைய எண்ணம் ஈடேற வல்ல நாயன் துணை புரிவானாக! மர்ஹூமா ஹவ்வா அம்மையாரின் பிழைகளைப் பொறுத்து, அவர் செய்த நற்பணிகளை ஏற்று, மேலான சுவனபதியை அவருக்கு அருள்வானாக! ஆமீன்.